விலைத் தகராறு: கல்லாவுக்கு வருமுன் தீர்ப்பது எப்படி?



சில்லறைக் கடையில் ஏற்படும் வாய்த்தகராறுகளில் பெரும்பாலானவை விலையைப் பற்றியவை. தரம், எடை, கடன் பாக்கி எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். தகராறு பெரும்பாலும் இரண்டு ரூபாய்க்கோ ஐந்து ரூபாய்க்கோ இருக்கும். "இவ்வளவு சின்னத் தொகைக்கு இத்தனை சத்தமா?" என்று கடைக்காரருக்குத் தோன்றும். வாடிக்கையாளருக்கோ அது தொகையைப் பற்றிய கேள்வியே அல்ல, "என்னை ஏமாற்றினாயா?" என்ற கேள்வி.

கணக்கைப் பாருங்கள். ஒரு குடும்பம் மாதம் 4,000 ரூபாய்க்கு மளிகை வாங்குகிறது என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 48,000 ரூபாய். நூற்றுக்கு எட்டு ரூபாய் நின்றாலும் 3,840 ரூபாய் லாபம். இரண்டு ரூபாய்க்காக அந்தக் குடும்பம் கோபித்துக்கொண்டு போனால் இது முழுவதும் அதோடு போகிறது. முன்பெல்லாம் போனால் அடுத்த தெரு அண்ணாச்சி கடைக்குப் போவார்கள், பத்து நாளில் கோபம் ஆறித் திரும்பி வருவார்கள். இன்று போகிறவர்கள் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறார்கள், அல்லது கைபேசியில் ஆர்டர் போடுகிறார்கள். அங்கிருந்து திரும்புவது அபூர்வம். ஆகவே விலைத் தகராறு என்பது நம் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

மொத்த வியாபாரத்தில் பல கடைகளுக்குச் சரக்குப் போட்ட அனுபவத்தில் நாம் கண்ட உண்மை ஒன்று உண்டு. தகராறு வெடிப்பது கல்லாவில். ஆனால் அது பிறப்பது அங்கே அல்ல. கம்பெனியின் விலை மாற்றத்திலும், மொத்தக் கடை பில்லிலும், அலமாரியில் கலந்து கிடக்கும் பழைய சரக்கிலும், எழுதாமல் விட்ட விலைப் பலகையிலும் அது பிறக்கிறது. பிறந்த இடத்திலேயே தீர்த்துவிட்டால் கல்லாவில் வெடிக்காது. இதைத்தான் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

அச்சிட்ட விலை வந்த விதம்

அதிகபட்ச சில்லறை விலை, அதாவது எம்.ஆர்.பி., ஏதோ ஆதிகாலம் தொட்டு இருந்ததாக இளைய வணிகர்கள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1976-ஆம் ஆண்டின் எடையளவுத் தரச் சட்டத்தின் கீழ் 1977-இல் பொட்டலப் பொருள் விதிகள் வந்தன. அப்போது கம்பெனிக்காரர் இரண்டு விதமாக விலை போடலாம். எல்லா வரியும் சேர்த்து ஒரே விலை போடலாம். அல்லது விலையைப் போட்டு, "உள்ளூர் வரிகள் தனி" என்று அச்சிடலாம். இரண்டாவது வழியைத்தான் பல கம்பெனிகள் பின்பற்றின. வரி எவ்வளவு என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாது. கடைக்காரர் சொன்னதே வரி. ஒரே பற்பசை மூன்று கடையில் மூன்று விலைக்கு விற்றது. கடைக்குக் கடை சண்டை நடந்தது.

1990-இல் அந்த விதி திருத்தப்பட்டு, எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலையை மட்டுமே அச்சிட வேண்டும் என்றாயிற்று. இன்று நடைமுறையில் இருப்பவை 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளும். அந்த விதிகளில் 18-ஆவது விதி நம் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டியது. அச்சிட்ட விலைக்கு மேல் யாரும் விற்கக் கூடாது. அச்சிட்ட விலையை மொத்த வியாபாரியோ சில்லறை வியாபாரியோ அழிக்கவோ, மறைக்கவோ, திருத்தவோ கூடாது. விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலை மறையாதபடி ஒட்ட வேண்டும்.

"அதிகபட்ச" என்ற சொல்லைப் பல கடைக்காரர்கள் கவனிப்பதில்லை. அதற்குக் கீழே எந்த விலைக்கும் விற்கலாம். அந்த இடைவெளிதான் நாம் போட்டியில் நிற்கும் இடம்.

வரி குறைந்தபோது வந்த தகராறு

நம் ஊர்க்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. என்றால் பல காலமாகச் சாலைதான். 2017-க்குப் பிறகு அது வரியும் ஆயிற்று. 3.9.2025 அன்று கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் எடுத்த முடிவின்படி 22.9.2025 முதல் பல பொருள்களுக்கு வரி குறைந்தது. அந்த வாரங்களில் மளிகைக் கடைகளில் கேட்ட பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். "அண்ணாச்சி, டி.வி.யில் குறைஞ்சிடுச்சுன்னு சொல்றாங்க, நீங்க பழைய விலையே கேக்கறீங்களே?" வரி மறுபடி எப்போது மாறினாலும் இதே கேள்விதான் வரும். ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதல் குழப்பம் எந்தப் பொருளுக்குக் குறைந்தது என்பது. பற்பசை, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், குளியல் சோப்புக் கட்டி, பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தன. நெய், வெண்ணெய், ஜாம், பாக்கெட் மிக்சர் வகைகள் 12-லிருந்து 5-க்கு வந்தன. பள்ளி நோட்டுப் புத்தகத்துக்கும் பென்சிலுக்கும் இருந்த 12 சதவீதம் நீங்கிற்று. ஆனால் துணி துவைக்கும் சோப்பும் பவுடரும் 18-லேயே நின்றன. குளியல் சோப்புக்குக் குறைத்துவிட்டுத் துணி சோப்புக்குக் குறைக்காத கடைக்காரர் கள்ளக் கணக்குப் போடுவதாக வாடிக்கையாளருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. பொருள்வாரிப் பட்டியல் கடை வாசலில் தொங்கியிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

இரண்டாவது குழப்பம் எவ்வளவு குறைய வேண்டும் என்பது. 18 போய் 5 வந்தால் 13 சதவீதம் குறைய வேண்டும் என்று படித்தவர்களே வாதாடினார்கள். அது சரியல்ல. அச்சிட்ட விலை வரியும் சேர்ந்தது. அடக்கம் 100 ரூபாய் என்றால் முன்பு 118, இப்போது 105. 118-இல் 13 ரூபாய் குறைந்தால் அது நூற்றுக்கு 11 ரூபாய் சொச்சம். அச்சிட்ட விலை 100 ரூபாயாக இருந்த பொருள்களுக்குக் கணக்கு இப்படி வரும்:

18-லிருந்து 5-க்குக் குறைந்தால் புதிய விலை ரூ.88.98
12-லிருந்து 5-க்குக் குறைந்தால் ரூ.93.75
12 முழுவதும் நீங்கினால் ரூ.89.29
5 முழுவதும் நீங்கினால் ரூ.95.24

கம்பெனி தன் அடக்க விலையை மாற்றாதபோது வரும் கணக்கு இது. இதை ஓர் அட்டையில் எழுதிக் கல்லா அருகே வைத்துவிட்டால், கடைப் பையன்கூட வாடிக்கையாளருக்குப் பொறுமையாக விளக்க முடியும்.

மூன்றாவது குழப்பம் சின்னப் பாக்கெட்டுகள். ஐந்து ரூபாய் பிஸ்கட்டுக்கு 18 போய் 5 வந்தால் விலை 4 ரூபாய் 45 பைசா ஆகிறது. இப்படிப்பட்ட விலைக்குச் சில்லறை கொடுக்க முடியாது என்பதால் சில கம்பெனிகள் விலையை அப்படியே வைத்து எடையைக் கூட்டின. அப்போது வாடிக்கையாளரிடம் "கம்பெனிக்காரன் குறைக்கலை" என்று சொல்வது தவறான பதில். பழைய பாக்கெட் ஒன்றையும் புதிய பாக்கெட் ஒன்றையும் பக்கத்தில் வைத்து நிகர எடையைக் காட்ட வேண்டும். கண்ணால் பார்த்தால் தகராறு அடங்கும்.

நான்காவதுதான் நம்மவர்களுக்கு உண்மையிலேயே வலித்தது. கையில் இருந்த பழைய சரக்கு. பாக்கெட்டில் பழைய விலை. புதிய விலையை ஸ்டிக்கராக ஒட்ட மத்திய அரசு கம்பெனிகளுக்கு அனுமதி தந்தது. ஆனால் 18.9.2025 அன்று, ஒட்டுவது கட்டாயமில்லை என்றும் சொல்லிவிட்டது. அச்சிட்டு வைத்திருந்த பழைய உறைகளை 31.3.2026 வரை பயன்படுத்திக்கொள்ளவும் இடம் தந்தது. திருத்திய விலைப்பட்டியலை மொத்த, சில்லறை வியாபாரிகளுக்குக் கம்பெனிகள் அனுப்ப வேண்டும் என்பதே ஏற்பாடு. எனவே பாக்கெட்டில் ஒரு விலை, பட்டியலில் ஒரு விலை. பட்டியல் வந்து சேராத கடையில் பாக்கெட் விலையே விலை என்று கடைக்காரர் நின்றார். வாடிக்கையாளர் டி.வி. செய்தியில் நின்றார்.

வழக்கமான ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடைக்காரர், வாங்கும்போது கட்டிய 18 சதவீதத்தை வரவாக எடுத்துக் கழித்துக்கொள்ளலாம். பதிவு வரம்புக்குக் கீழே இருக்கும் சின்னக் கடைக்கும், தொகுப்பு வரித் திட்டத்தில் இருக்கும் கடைக்கும் அந்த வழியில்லை. அவர்கள் 18 சதவீதமும் கொடுத்து வாங்கிய சரக்கு அது. 10,000 ரூபாய்க்கு அப்படிப்பட்ட சரக்கு இருந்தால் மறுநாள் அதன் மதிப்பு 8,898 ரூபாய். 1,102 ரூபாய் ஒரே இரவில் கரைந்தது. பெட்டிக் கடைக்காரருக்கு இது சிறு தொகை அல்ல.

இதற்கு வழி வாடிக்கையாளரிடம் பழைய விலையை வசூலிப்பதல்ல. வரி மாற்றம் அமலுக்கு வரும் முதல் நாள் இரவு பொருள்வாரியாக இருப்பு எடுக்க வேண்டும். பெயர், பாக்கெட் அளவு, எண்ணிக்கை, வாங்கிய பில் எண் ஆகியவற்றை எழுதி விநியோகஸ்தரிடம் ஒரு பிரதி கொடுத்து, மறு பிரதியில் கையெழுத்து வாங்க வேண்டும். கம்பெனியிடமிருந்து கிரெடிட் நோட்டாகவோ சரக்காகவோ ஈடு கேட்பதற்கு அதுதான் ஆதாரம். "நிறைய இருந்ததுங்க" என்று வாயால் சொன்னால் எந்தக் கம்பெனியும் தராது.

கூலிங் சார்ஜ் என்னும் கூடாத வசூல்

இனி நம் மாவட்டத்தின் கடற்கரைப் பக்கம் போவோம். மாமல்லபுரத்துக்குச் சனி, ஞாயிறுகளில் வரும் கூட்டம் நமக்குத் தெரியும். கடற்கரைக் கோயிலிலிருந்து ஐந்து ரதம் வரை வெயிலில் நடப்பவர்களுக்கு முதல் தேவை தண்ணீர். 20 ரூபாய் அச்சிட்ட பாட்டிலுக்கு 25 கேட்பதும், ஏன் என்றால் "கூலிங் சார்ஜ்" என்பதும் சுற்றுலா ஊர்கள் எல்லாவற்றிலும் உள்ள வழக்கம். இதில் கடைக்காரர் பக்கம் சொல்லும் நியாயத்தையும் கேட்டுவிடுவோம். வாடகை அதிகம், வாரத்தில் இரண்டு நாள்தான் வியாபாரம், பிரிட்ஜுக்குக் கரண்டு ஆகிறது.

கரண்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிரிட்ஜ் நாளைக்கு 4 யூனிட் இழுக்கிறது, யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 40 ரூபாய். அதில் வைத்து 60 பாட்டில் விற்றால் ஒரு பாட்டிலுக்கு 67 பைசாதான். உங்கள் கடைக் கணக்கு வேறாக இருந்தால் அந்த எண்களைப் போட்டுப் பாருங்கள். எப்படிப் போட்டாலும் ஐந்து ரூபாய் வராது. பாட்டிலில் கடைக்காரருக்கு நிற்கும் வித்தியாசத்துக்குள் இந்தச் செலவு அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால், கேட்க வேண்டிய இடம் சரக்குப் போடும் கம்பெனி. கமிஷனைக் கூட்டு, அல்லது பிரிட்ஜைக் கொடு என்று கேட்கலாம். இதைத் தனிக் கடைக்காரர் கேட்டால் எடுபடாது, சங்கமாகக் கேட்டால் எடுபடும்.

"ஓட்டலில் மட்டும் 20 ரூபாய் பாட்டிலை 50-க்கு விற்கிறானே?" என்று கேட்பவர்கள் உண்டு. உச்ச நீதிமன்றம் 12.12.2017 அன்று அளித்த தீர்ப்பில், ஓட்டல்களும் உணவகங்களும் தண்ணீர் பாட்டிலை அச்சிட்ட விலைக்கு மேல் தருவது குற்றமாகாது என்றது. அங்கே வாடிக்கையாளர் பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டு போவதில்லை. நாற்காலி, மேஜை, பரிமாறுதல் எல்லாம் சேர்ந்த சேவை அது என்பது காரணம். நம் கடையில் கல்லாவுக்கு மேலாக எடுத்துக் கொடுக்கும் பாட்டிலுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. இதைத் தெரியாமல் தீர்ப்பைக் காட்டி வாதாடுபவர் அதிகாரி முன் மாட்டிக்கொள்வார்.

விமான நிலையத்துக்கு ஒரு எம்.ஆர்.பி., ஊர்க் கடைக்கு ஒரு எம்.ஆர்.பி. என்று ஒரே பொருளுக்கு இரண்டு விலை அச்சிட்டுக் கட்டுப்பாடான வணிக முறையில் விற்பதையும் 1.1.2018 முதல் விதி தடுக்கிறது. ஆகவே "இது டூரிஸ்ட் பாட்டில்" என்ற பேச்சுக்கும் இடமில்லை.

அதே மாமல்லபுரத் தெருவில் இன்னொரு வியாபாரமும் நடக்கிறது. கருங்கல் சிலைக்கு எம்.ஆர்.பி. கிடையாது. மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒவ்வொரு சிலையும் கைவேலை. இரண்டு பிள்ளையார் ஒரே அளவானாலும் ஒரே வேலைப்பாடு அல்ல. அங்கே பேரம் பேசுவது வியாபாரத்தின் ஒரு பகுதி, யாரும் அதை ஏமாற்றாக நினைப்பதில்லை. ஆனால் காலையில் ஒருவரிடம் 3,000 ரூபாய்க்கு விற்ற அதே மாதிரிச் சிலையை மாலையில் அவர் தங்கும் விடுதியின் பக்கத்து அறைக்காரருக்கு 1,200-க்கு விற்றால், இரவு இருவரும் பேசிக்கொள்வார்கள். கெடுவது கடையின் பெயர் மட்டுமல்ல, ஊரின் பெயர். எனவே பேரத்துக்குரிய பொருளிலும் ஒரு சீட்டில் விலை எழுதிக் கட்டிவிட்டு, அதிலிருந்து இவ்வளவுதான் தள்ளலாம் என்று கடை ஆட்களுக்கு எல்லை சொல்லிவிடுவது நல்லது. தமிழ் தெரியாத வாடிக்கையாளரிடம் எழுதிய விலை நமக்காகப் பேசும்.

பொட்டலமும் தராசும்

விலைத் தகராறு என்று வருவதில் பாதி உண்மையில் எடைத் தகராறு. பல மளிகைக் கடைகளில் மதியம் கூட்டமில்லாத நேரத்தில் துவரம்பருப்பு, சர்க்கரை, ரவை ஆகியவற்றைக் கால் கிலோ, அரைக் கிலோவாகப் பொட்டலம் போட்டு வைக்கிறோம். வாடிக்கையாளர் கண் முன்னே நிறுத்துக் கொடுத்தால் அது சில்லறைச் சரக்கு. அவர் இல்லாதபோது கட்டி வைத்தால் சட்டப்படி அது முன்பொட்டலப் பொருள். அதன்மேல் பொருளின் பெயர், நிகர எடை, பொட்டலமிட்ட மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட்ட விலை, அலகு விலை, பொட்டலமிட்டவர் பெயரும் முகவரியும், புகாருக்கான தொடர்பு எண் ஆகியவை இருக்க வேண்டும். அரிசி, பருப்பு போன்றவற்றை இப்படிப் பொட்டலமிட்டு லேபிள் ஒட்டி விற்றால் 25 கிலோ வரை 5 சதவீத வரியும் உண்டு, 18.7.2022 முதல் இது அமலில் இருக்கிறது. இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்றால் கேட்கும்போது நிறுத்துக் கொடுப்பதே மேல். கொஞ்சம் தாமதமானாலும் வாடிக்கையாளர் தராசைப் பார்த்துக்கொண்டிருப்பார், சந்தேகம் வராது.

எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் முத்திரை போட வேண்டும். நம் மாநிலத்தில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. முத்திரைச் சான்றிதழை மேஜை இழுப்பறையில் வைக்காதீர்கள், தராசுக்கு மேலே மாட்டுங்கள். அதிகாரிக்கு மட்டுமல்ல, வாடிக்கையாளருக்கும் அது தெரிய வேண்டும்.

இனிப்புக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கிலோ 600 ரூபாய் இனிப்பை 60 கிராம் அட்டைப் பெட்டியோடு நிறுத்தால் வாடிக்கையாளர் பெட்டிக்கு 36 ரூபாய் கொடுக்கிறார். பெட்டியை முதலில் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுப் பிறகு இனிப்பை வைக்க வேண்டும். பெட்டிக்கு விலை வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்லி வாங்கலாம். பைக்கும் இதே நியாயம்தான். பில் போடும் இடத்தில் கடைசியில் சொல்லிப் பைக்குக் காசு வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் டிசம்பர் 2020-இல் ஒரு பெரிய கடைத்தொடர் மீதான வழக்கில் தீர்ப்பளித்தது. காசு உண்டு என்பதை வாசலிலேயே எழுதி வைப்பதுதான் முறை.

சில்லறைப் பாக்கி

சில்லறை இல்லை என்று மிட்டாயைக் கொடுப்பதும் விலைத் தகராறின் ஒரு கிளைதான். மிட்டாயை அடுத்த முறை வாடிக்கையாளர் காசுக்குப் பதிலாக நீட்டினால் நாம் வாங்குவோமா? வாங்க மாட்டோம் என்றால் கொடுக்கவும் கூடாது. 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 30.6.2011-க்குப் பிறகு செல்லாது. 50 பைசா இன்றும் செல்லும். 10 ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. 14 விதமான 10 ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி ஜனவரி 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

பைசாவில் வரும் விலைகளை ஒவ்வொரு பொருளாக முழு ரூபாய் ஆக்காதீர்கள். மொத்த பில்லைக் கூட்டிய பிறகு கடைசியில் ஒரு முறை மட்டும், வாடிக்கையாளர் பக்கம் குறைத்து முழுமையாக்குங்கள். ஒரு பில்லில் போவது ஒரு ரூபாய்க்குள். கைபேசியில் பணம் அனுப்புபவரிடம் பைசாவோடு வாங்கிக்கொள்ளலாம், அங்கே சில்லறைப் பிரச்சினை இல்லை.

தகராறு வந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில சமயம் கல்லாவில் குரல் உயரத்தான் செய்யும். அப்போது நடந்துகொள்ள வேண்டிய முறையைச் சொல்கிறோம்.

1. முதலில் பொருளைக் கையில் வாங்குங்கள். "அம்மா, பாக்கெட்டைக் குடுங்க, பார்த்துடுவோம்" என்று சொல்லுங்கள். பாக்கெட்டில் உள்ள விலையை விரலால் காட்டி வாய்விட்டுப் படியுங்கள். பாதித் தகராறு இங்கேயே முடியும்.

2. பில் மெஷினில் ஒரு விலை, பாக்கெட்டில் ஒரு விலை இருந்தால் குறைந்த விலையை வாங்குங்கள். வாதாடாதீர்கள். ஒரே பொருளில் பழைய விலைச் சரக்கும் புதிய விலைச் சரக்கும் கலந்திருப்பதே பெரும்பாலும் காரணம். அன்று மாலையே மெஷினில் விலைவாரியாகத் தனித்தனிக் குறியீடு போட்டு, அலமாரியில் இரண்டையும் பிரித்து வையுங்கள்.

3. கடைப் பையனை வாடிக்கையாளர் முன்னால் திட்டாதீர்கள். அவனைத் திட்டினால் வாடிக்கையாளர் சமாதானமாவார் என்று சிலர் நினைக்கிறார்கள். அவருக்குச் சங்கடமே மிஞ்சும், பையனுக்கு அவர்மேல் வன்மம் மிஞ்சும்.

4. பத்து ரூபாய் வரை தானே முடிவெடுத்துத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரத்தைக் கல்லாவில் உட்காருபவருக்குக் கொடுத்துவிடுங்கள். "முதலாளி வரட்டும்" என்று ஒருவரைக் காக்க வைத்தால் அவர் பின்னால் நிற்கும் நாலு பேரும் கதை கேட்கிறார்கள்.

5. பில் கேட்டால் மறுக்காதீர்கள். 200 ரூபாய்க்குக் கீழே, வாடிக்கையாளர் கேட்காதபோது, வரி பில் தனியாகப் போட வேண்டியதில்லை என்ற சலுகை ஜி.எஸ்.டி.யில் உண்டு. ஆனால் கேட்டவருக்கு ரசீது மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற பலகையையும் எடுத்துவிடுங்கள். பழுதுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதே குற்றம்.

6. வாடிக்கையாளர் கைபேசியில் படம் எடுத்தால் தடுக்காதீர்கள். கையைத் தட்டிவிடும் காட்சிதான் ஊர் முழுக்கப் பரவும். "எடுத்துக்குங்க சார், எங்க விலைப் பட்டியலையும் சேர்த்து எடுங்க" என்று சொல்லும் கடைக்காரரைப் படம் எடுத்து எந்தப் பயனும் இல்லை.

7. வாடிக்கையாளர் தவறாகவே பேசினாலும் அவர் தோற்றுப்போனதாக உணராமல் அனுப்புங்கள். கணக்கில் நாம் ஜெயித்தால் போதும், பேச்சில் ஜெயிக்க வேண்டியதில்லை.

புகார் என்று போனால் வழி சுலபமாகிவிட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். தண்ணீர் பாட்டிலில் ஐந்து ரூபாய் கூடுதலாக வாங்கியவர், மாமல்லபுரத்தில் கடையைப் பூட்டிவிட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் செங்கல்பட்டுக்கு வந்து வாய்தாவுக்கு நிற்கும் ஒரு நாளில் எத்தனை பாட்டில் லாபம் போகிறது என்று கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

மொத்த வியாபாரிகளின் பங்கு

கடைசியாக, நம் இனத்தவரான மொத்த வியாபாரிகளுக்கும் ஏஜென்டுகளுக்கும். சில்லறைக் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் அகப்பட்டுக்கொள்வதற்குப் பல சமயம் நாம்தான் காரணம். விலை மாற்றத்தைக் கம்பெனி நமக்கு ஈமெயிலில் அனுப்புகிறது. அது கடைக்காரருக்குப் போய்ச் சேர்கிறதா? பழைய விலைச் சரக்கையும் புதிய விலைச் சரக்கையும் ஒரே பெட்டியில் கட்டி அனுப்பினால் அவர் என்ன செய்வார்? பில்லில் எம்.ஆர்.பி. போடாமல் நம் விற்பனை விலையை மட்டும் போட்டால் அவர் எதை வைத்து வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வார்?

எனவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் எம்.ஆர்.பி.யைத் தனிப் பத்தியில் அச்சிட வேண்டும். விலை மாறும்போது தமிழில் ஒரு பக்கப் பட்டியல் தயாரித்து லைன் வண்டியோடு எல்லாக் கடைக்கும் அனுப்ப வேண்டும், வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டு நிறுத்திவிடக் கூடாது. வரி குறையும்போது சின்னக் கடைகளின் இருப்புக் கணக்கை வாங்கிக் கம்பெனிக்கு அனுப்பி, ஈடு வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நம் சரக்குக்குப் பணம் கொடுத்தவர் அவர். அவருடைய நஷ்டத்தை அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தால், நாளை அவர் கடையை மூடும்போது நம் நிலுவையும் அதோடு போகும்.

சில்லறை விலையை எழுதுவது கம்பெனி, மாற்றுவது அரசு, கொண்டுவருவது மொத்த வியாபாரி. வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பவர் சில்லறைக் கடைக்காரர் ஒருவர்தான். அவர் கூசாமல் நிமிர்ந்து விலை சொல்லும்படி மற்ற மூவரும் நடந்துகொள்ள வேண்டும். அதில் நம் கையில் இருப்பது நம் பங்கு. அடுத்த விலை மாற்றம் வருமுன் அவரவர் கடையில் அலமாரியையும் பலகையையும் பில்லையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுமாறு வணிகப் பெருமக்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.